கழுவாத பிரஷ்

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் சாம்பல். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருக்கத்தான் செய்தது, அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. பிள்ளைகள் கணினியில் படம் வரைவதற்கு ஒரு மென்பொருள் செய்து பள்ளிக்கூடங்களுக்கு விற்கிற சின்ன நிறுவனம் அது. ஒரே ஒரு மாடி, ஏழெட்டு மேசை, மழை வந்தால் ஒழுகும் ஒரு ஜன்னல். அந்த மென்பொருளில் நிறங்களைக் கலக்கும் பகுதியை எழுதியவன் இவன்தான். எழுதி, சோதித்து, எல்லாம் சரி என்று தலையாட்டி அனுப்பியும் ஆயிற்று. அதற்கப்புறம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் ஒருவர் போன் செய்தார்.

"நீலத்தையும் மஞ்சளையும் கலந்தா பச்சை வரும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டு உங்க சமாசாரத்தைத் திறந்து காட்டினேன் சார். சாம்பல் வருது. வகுப்பு முழுக்கச் சிரிக்குது. என் மானமே போச்சு."

மேனேஜர் அம்மா வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டிருந்தார். இவன் எழுந்து நின்று விளக்கம் சொன்னான். திரையில் தெரிவது பெயிண்ட் இல்லை, வெளிச்சம். நீல வெளிச்சத்தில் பாதியும் மஞ்சள் வெளிச்சத்தில் பாதியும் எடுத்துக் கூட்டினால் கணக்குப்படி சாம்பல்தான் வரும். கணக்கு சரி.

"கணக்கு சரியா இருக்கலாம் சார். பச்சை எங்க?" என்று கேட்டுவிட்டு டீச்சர் போனை வைத்துவிட்டார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். அவனும் சிரித்துக்கொண்டான், அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தூக்கி ஓரமாகப் போட்டான். ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பச்சை வரவில்லை என்றால் யாருக்குத்தான் தூக்கம் கெடும்? அதே சாம்பல் தன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது.

வீட்டில் அவனும் அக்காவும்தான். அம்மா இறந்தபோது அவன் ஒரு வயதுக் குழந்தை, அக்காவுக்கு எட்டு வயது. அப்பா மில்லில் ஷிப்ட் ஷிப்டாக உழைத்து, பேச்சைக் குறைத்துக் குறைத்து, ஒருநாள் மூச்சையும் நிறுத்திக்கொண்டார். அவனைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது, காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் அக்கா. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "இவன் முதல்ல ஆளாகட்டும்" என்றாள். இவன் ஆளாகி முடிந்தபோது பேச்சு வருவது நின்றிருந்தது. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது அவள் பிழைப்பு. முன்னறை முழுக்கப் பெயிண்ட் டியூப்களும் அதைக் கரைக்கும் டர்பன்டைன் வாசனையுமாக இருக்கும். அதே வாசனையில் அவன் சாப்பிட்டான், படித்தான், தூங்கினான்.

அம்மாவுக்கு ஒரே ஒரு போட்டோ இருந்தது. வாடகை வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த ஒரு வருஷம் பெட்டியோடு நனைந்து, படம் சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அப்பா பொறுமையில்லாமல் பிய்த்தார். தோளும் கையும் காகிதத்தோடு வந்தன, முகம் கண்ணாடியோடு போயிற்று. அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இருந்தது முகமில்லாத ஒரு தோள்தான்.

"அம்மா எப்படிக்கா இருப்பாங்க?" என்று கேட்பான்.

"நான் பெரியவளானதும் வரைஞ்சு தரேன்டா," என்பாள் அக்கா. பெரியவளானாள். "இந்தப் புத்தகம் முடியட்டும்," என்றாள். அந்தப் புத்தகம் முடிந்தது, அடுத்தது வந்தது. கேட்டுக் கேட்டு அவனுக்கே வெட்கமாகி, தலை நரைக்க ஆரம்பித்த வயதில் வாய்விட்டுக் கேட்பதை நிறுத்தினான். ஆனால் ஆசை என்னவோ அப்படியே இருந்தது. சாவதற்குள் தன் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வேறு பெரிய ஆசையெல்லாம் அவனுக்குக் கிடையாது.

பிறகு அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மாடிப்படியில் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது என்றார் டாக்டர். இனிமேல் பெயிண்ட், டர்பன்டைன், சாக்கட்டித் தூள் எதுவும் அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. அவன் டியூப்களையெல்லாம் ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி டேப் ஒட்டி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனான்.  கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வந்து உட்கார்ந்தது. அது பகல் முழுக்கப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது, இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்படி இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் மென்பொருள் ஏற்றிய அலுவலகத்து டேப்லெட்டையும் பேனாவையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். தூசி இல்லை, வாசனை இல்லை, வரையலாம். அக்கா பேனாவை விரல்களில் உருட்டிப் பார்த்தாள். நாலைந்து கோடு இழுத்தாள். முகத்தில் கொஞ்சம் களை வந்தது.

"அம்மாவை வரையேன்க்கா," என்றான். கேட்கக் கூடாது என்றிருந்தவன்தான், வாய் தவறி வந்துவிட்டது.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் நீலத்தைத் தொட்டாள், மஞ்சளைத் தொட்டாள், இரண்டையும் ஒரு மூலையில் தேய்த்தாள். சாம்பல் வந்தது. கூட மஞ்சள் சேர்த்தாள், மஞ்சளடித்த சாம்பல் வந்தது.

"அம்மா தோள்ல எப்பவும் ஒரு பச்சைத் துண்டு கிடக்கும். இஸ்திரிக் கடையில வேலை, வேர்வை துடைக்க. அந்தப் பச்சைதான் முதல்ல வேணும் எனக்கு." பேனாவைக் கீழே வைத்தாள். "இந்தச் சாம்பலை வச்சா அம்மாவை வரையச் சொல்ற?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அந்தச் சாம்பலை எழுதியவனே அவன் அல்லவா!

மறுநாள் காலையில் மேனேஜர் அம்மாவிடம் போய் நின்றான். "கலர் கலக்கறதை முதல்லேருந்து எழுதறேன் மேடம். நிஜப் பெயிண்ட் மாதிரி."

"சின்னப் பிள்ளைங்க விளையாட்டுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா சாம்பல்?"

"டீச்சருக்குப் பச்சை வேணுமாம் மேடம்."

"டீச்சருக்கா?" என்று கண்ணாடிக்கு மேலே பார்த்தார். ஏதோ புரிந்தது போலிருக்கிறது. "சரி, செய். மத்த வேலை கெடக்கூடாது."

விஷயம் இதுதான். நீலப் பெயிண்ட் நீலத்தை உண்டாக்குவதில்லை. மேலே விழும் வெளிச்சத்தில் சிவப்பை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. மஞ்சள் பெயிண்ட் நீலத்தை விழுங்குகிறது. இரண்டும் கலந்து உட்கார்ந்தால் ஒன்று விட்டதை மற்றது தின்கிறது, இரண்டுமே விட்டுவைத்த பச்சை மட்டும் தப்பித்துக் கண்ணுக்கு வருகிறது. ஆகவே ஒவ்வொரு பெயிண்டும் எந்த வெளிச்சத்தை எவ்வளவு விழுங்குகிறது, எவ்வளவைச் சிதறடிக்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரிந்தால் கலவையைக் கணக்குப் போட்டுவிடலாம்.

தெரிவதற்கு அளக்க வேண்டும். அவன் தகர டப்பாவை அலுவலகத்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், அக்காவின் டியூப் ஒவ்வொன்றையும் வெள்ளை அட்டையில் ஒருமுறை, கறுப்பு அட்டையில் ஒருமுறை பூசிக் காயவைத்தான். அதற்கான கருவி வாங்க நிறுவனத்துக்கு வக்கில்லை. தெருமுனைப் பெயிண்ட் கடையில், பழைய சுவரின் சில்லைக் கொண்டுவந்தால் அதே நிறத்தைக் கலந்து கொடுக்க ஒரு மெஷின் இருந்தது. வெளிச்சத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அது எண்ணில் சொல்லும். கட்டு அட்டையோடு போய் நின்றான்.

"என்ன தம்பி, ஒரு சுவத்துக்கு ஒரு கலரா?" என்றார் கடைக்காரர். "வீட்டுக்காரம்மா ரொம்பக் கறாரோ?"

"வீட்டுக்காரம்மா இல்லண்ணே. எங்கக்கா."

"அது அதைவிட மோசம்," என்று மெஷினை இவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

பெயிண்ட் வாசனையோடு வீட்டுக்குப் போனால் அக்காவுக்கு ஆபத்து. தினமும் அலுவலகத்திலேயே குளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அக்கா நாலைந்து நாள் பார்த்தாள். "சாயங்காலமாக் குளிக்கற, புதுச் சட்டை போடற... இந்த வயசுல யாருடா அவ?" என்றாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். உண்மையைச் சொல்லவில்லை.

முதலில் எழுதியது ஆமைபோல் நகர்ந்தது. பேனா ஒரு மூலையில் நிற்க, நிறம் எங்கோ பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டான். கடைசியில் எல்லாக் கலவைகளையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒரு பெரிய அட்டவணையாக வைத்துக்கொண்டு, வரையும்போது அதிலிருந்து எடுக்கும்படி மாற்றினான். ஒரு மத்தியானம் நீலத்தின் மேல் மஞ்சளை இழுத்தான். பச்சை. அசல் பச்சை! நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். பக்கத்து மேசைக்காரர்கள் வந்து பார்த்துக் கைதட்டினார்கள். "இனிமே உன்னைப் பச்சைனு கூப்பிடணுமா?" என்று கேட்டு, வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

அன்று மாலை வீட்டில் அக்கா அதே மூலையில் அதே இரண்டு நிறத்தையும் தேய்த்தாள். பச்சை வந்ததும் சட்டென்று அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது என் டியூப் பச்சைடா!"

"உன் டியூப்தான். அதை அளந்துதான் எழுதினேன்."

"அதுக்குத்தான் சட்டை மாத்தினியா?" என்று கேட்டு, வெகுநேரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் ஒரு வாரத்தில் அந்தச் சந்தோஷம் வடிந்தது. ஒரு மரம் வரைந்தாள், ஒரு குடம் வரைந்தாள், உதட்டைப் பிதுக்கினாள். "ஒவ்வொரு கலரும் சரியா இருக்கு. சேத்துப் பாத்தா பொம்மைக் கடை மாதிரி இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம நிக்குது பாரு."

அவனுக்கு மண்டை காய்ந்தது. எண்களை மறுபடி மறுபடி சரிபார்த்தான். எதிலும் பிழையில்லை. ஒரு மாலை சும்மா அவள் வரைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பழுப்பில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பச்சைக்குப் போகும் முன், அவள் கை தானாக இடுப்புப் பக்கம் போய், பேனாவின் முனையைப் புடவையில் ஒற்றி எடுத்தது. மையில்லாத பேனா! அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடி விளங்கிவிட்டது. அவள் வாழ்நாளில் பிரஷ்ஷைக் கழுவியதே கிடையாது. ஒரு நிறத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது துணியில் ஒரு ஒற்று ஒற்றுவாள், அவ்வளவுதான். பழையதில் கொஞ்சம் புதியதோடு போகும். பச்சையில் பழுப்பு இருக்கும், வானத்தில் மண் இருக்கும். இவனோ, ஒவ்வொரு முறை நிறம் மாற்றும்போதும் பிரஷ்ஷைச் சுத்தமாகக் கழுவித் துடைத்துப் புதிதாகக் கொடுக்கும்படி எழுதிவைத்திருந்தான். கணினிக்காரன் புத்தி! சுத்தம் என்றால் நல்லது என்று நினைத்துக்கொள்ளும்.

அந்தக் கழுவலை எடுத்தான். போன நிறத்தில் கொஞ்சம் பிரஷ்ஷில் தங்கட்டும், அடுத்ததில் கலந்து மெல்லத் தேயட்டும் என்று மாற்றினான். அக்கா வரைந்து பார்த்துவிட்டுச் சரியென்று தலையை ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது.

இனி வரைவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் மரம் வரைந்தாள், பூனை வரைந்தாள், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை வரைந்தாள். அம்மாவைத் தவிர எல்லாவற்றையும் வரைந்தாள். மெஷினின் பெருமூச்சு நாளுக்கு நாள் நீண்டுகொண்டு வந்தது. அவள் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது. அவனுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"கலர் சரியில்லன்ன, சரி பண்ணேன். பொம்மைக் கடைன்ன, அதையும் பண்ணேன். இன்னும் என்னதான்க்கா வேணும் உனக்கு? எனக்குனு நான் கேட்டது இது ஒண்ணுதானே!"

அக்கா டேப்லெட்டை மடியில் கவிழ்த்தாள்.

"எனக்கு அம்மா முகம் ஞாபகம் இல்லடா."

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"சின்ன வயசுல இருந்துச்சு. பதினஞ்சு பதினாறு வயசுல உனக்காக வரைஞ்சு பாத்தேன். மூக்கு சரியா வரல. மறுபடி வரைஞ்சேன், கண்ணு வேற யாரோட கண்ணு மாதிரியோ வந்துச்சு." நின்று மூச்சு இழுத்துக்கொண்டாள். "தப்பா வரைஞ்சது ஒவ்வொண்ணும் உள்ள போய் உக்காந்துக்கிச்சு. கடைசியில எது அம்மா, எது நான் வரைஞ்சதுனே தெரியல. எல்லாம் கலந்து போச்சு. கலந்ததைப் பிரிக்க உன் மெஷின்ல வழி இருக்கா?"

"இல்லக்கா," என்றான். பச்சையை மட்டும் கையில் கொடுத்தால், அது எந்த நீலம், எந்த மஞ்சள் என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. அவனுக்குத் தெரியும்.

"அதான் சாக்குச் சொல்லிச் சொல்லி ஓட்டினேன். அம்மா முகத்தை நான் வச்சிருக்கேன்னு நீ நம்பிக்கிட்டு இருந்த. அதை எப்படி உடைப்பேன் நான்?"

அவனுக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். நரைத்த தலை, அலுவலகத்தில் நாலு பேருக்கு வேலை சொல்கிற ஆள், குழந்தைபோல் விசும்பி விசும்பி அழுதான். இத்தனை வருஷமும் அக்காவிடம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருந்த முகம், யாரிடமும் இல்லை. கீழே இறங்கி வந்தபோது அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நீ இதுவரைக்கும் வரைஞ்சு பாக்காதது ஏதாவது இருக்கா? அம்மாகிட்ட?"

"ஏன்?"

"வரைஞ்சதுதானே கெட்டுப்போச்சு? தொடாதது கெட்டிருக்காது இல்ல?"

 அன்று சாயங்காலம் அக்கா டேப்லெட்டை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். எட்டிப் பார்த்தால் கையை உடைப்பேன் என்றாள். கொஞ்சம் வரைவாள், மூச்சு வாங்கிப் படுத்துக்கொள்வாள், எழுந்து மறுபடி வரைவாள். வாரங்கள் போயின. பள்ளிக்கூடங்களுக்குப் புதிய பதிப்பு போயிற்று. பழைய டீச்சர் போன் செய்து, பச்சை வருகிறது சார், ஆனால் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து சேறாக்குகிறார்கள் என்றார். நிஜப் பெயிண்ட் அப்படித்தான் டீச்சர் என்றான். வேறு எதிலும் அவன் மனம் ஒட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். "வா, பாரு."

முகம் இல்லை. கீழேயிருந்து, மிகப் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு தோள். அதன்மேல் துவைத்துத் துவைத்து வெளுத்த பச்சைத் துண்டு, மடிப்பில் மட்டும் பழைய பச்சை. வேர்வையில் மினுங்கும் மாநிறக் கழுத்து. கலைந்து ஒட்டிய நாலு முடி. தோடில்லாத ஒரு காது, ஜன்னல் வெளிச்சம் பட்டு ஓரம் சிவந்திருந்தது. அந்தக் காது மடலைப் பிடித்தபடி கொழுகொழுவென்று ஒரு சின்னக் கை.

"சாயங்காலம் இஸ்திரிக் கடையிலேருந்து பஸ்ல வருவோம்," என்றாள் அக்கா. "நான் அம்மா பக்கத்துல சாஞ்சு உக்காந்து மேல பாத்துக்கிட்டே வருவேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பாங்க. இதை நான் வரைஞ்சதே இல்ல. முகம்தானே வேணும்னு இதை விட்டுட்டேன்."

"இது யாரு கை?"

"ஏன், தெரியலையா? தோள்ல படுத்துக் காதைப் பிடிச்சாத்தான் உனக்குத் தூக்கம் வரும்."

நாற்பது வருஷத்துக்கும் மேலாக அவன் அம்மாவின் முகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். தன் கை அவள்மேல் பட்டிருக்கிறது என்பது ஒருநாளும் அவனுக்குத் தோன்றியதில்லை. தன்னை அறியாமல் விரலை நீட்டி அந்தக் காதைத் தொட்டான்.

தொட்டதும் காதின்மேல் பச்சையாக ஒரு தீற்றல் விழுந்தது. திரையில் பிரஷ்ஷை அக்கா இன்னும் கீழே வைக்கவில்லை, துண்டின் பச்சை அதில் மிச்சமிருந்தது. பேனாவென்றும் விரலென்றும் பார்க்காமல் எது பட்டாலும் வரையும்படி எழுதியவனும் அவன்தான்.

"ஐயையோ, அக்கா!" பதறிப்போய், கடைசிக் கோட்டை அழிக்கும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பலம் அவளிடம் எங்கே மிச்சமிருந்ததோ!

"விடுடா, இருக்கட்டும்." மூச்சு வாங்கி நிறுத்தி, மறுபடி சொன்னாள். "நீ அப்பவும் அப்படித்தான். தின்ன கையைக் கழுவாமப் போய் அம்மா காதைப் பிடிச்சுக்குவ. அம்மா துடைக்கவே மாட்டாங்க."

அவன் கையை எடுக்கவில்லை. அக்கா மற்ற கையால் சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள்.